க்ரிம்லி பேண்டின் சுதியும் லோர்னாவின் நாலாவது ஆல்பமும்

லோர்னா க்ளெக் மொத்தம் ஐந்து ஆல்பம் பாடினாள். முதல் மூன்றும் லண்டனில் பதிவாகி, நாடு முழுக்கப் போயின. ஐந்தாவது லண்டன் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, அதனால் கடைகளுக்கும் ஒழுங்காகப் போகவில்லை. ஆனால் எங்கள் யார்க்ஷயர் பக்கத்தில் அவள் பேச்சை எடுத்தால், எல்லாரும் நாலாவதில்தான் வந்து நிற்பார்கள். பாடினவளும் கடைசிவரை அதைப் பற்றித்தான் பேசினாள்.

ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பஸ்ஸில் மேட்டுக்கு ஏறினால் க்ரிம்லி. கம்பளி ஆலை ஒன்று, சாயப் பட்டறை ஒன்று, சர்ச் இரண்டு, பித்தளை பேண்டு ஒன்று. அப்பா ஆர்னால்டு க்ளெக் சாயப் பட்டறையில் வேலை. முழங்கை வரைக்கும் நீலம், ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். பேண்டில் பின்வரிசையில் உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய பித்தளைக் கொம்பை மடியில் வைத்து ஊதுவார். குழந்தையைத் தூக்கியதைவிட அந்தக் கொம்பை அதிகம் தூக்கியிருப்பார் என்று லோர்னாவின் அம்மா சொல்வாள். அதில் பொய்யும் இல்லை.

லோர்னா பதினேழு வயதில் தொழிலாளர் மன்றங்களில் பாட ஆரம்பித்தாள். அந்த மன்றங்களைப் பற்றி என்ன சொல்ல! பிங்கோ சூதாட்டத்துக்கு நம்பர் கூப்பிட்டால் ஊசி விழுந்தாலும் கேட்கும்; பாட்டு ஆரம்பித்தால் பீர் வாங்க எழுந்துபோவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்றே அவளுக்கு அப்படி ஒரு தொண்டை வாய்த்தது. லண்டன் ரெக்கார்டு கம்பெனிக்காரன் ஒருத்தன் கேட்டுவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனான்.

முதல் ஆல்பம் 'ஈரக் கம்பளி'. கிட்டார், டிரம், கத்தல். நன்றாகவே விற்றது. அதே மாதிரி இன்னொன்று பாடிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவளுக்கா அது வரும்? இரண்டாவதில் பழைய நாட்டுப்பாட்டு, பிடில், அதற்குள் காதைக் கிழிக்கிற கிட்டார். மூன்றாவதற்கு லீட்ஸ் நகரத்தில் குடியேறின ஜமைக்காக்காரர்கள் மூன்று பேரைத் தாளத்துக்குக் கூட்டிவந்தாள். பத்திரிகைக்காரர்கள் ஆகா ஓகோ என்று எழுதினார்கள். கடைக்காரர்களோ இதை எந்த வரிசையில் அடுக்குவது என்று தெரியாமல் பின்னறையில் போட்டார்கள். விற்பனை ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் பாதி பாதியாக இறங்கியது.

அதுவரை அவளுடைய ஆல்பங்களையெல்லாம் தயாரித்தவர் டென்ஸில் க்ராஃப்ட். நல்ல காது, நல்ல மனுஷன், ஆனால் கம்பெனிச் சம்பளக்காரர். நாலாவதுக்கு என்ன யோசனை என்று அவர் கேட்டபோது, "எங்க ஊர் பேண்டு" என்றாள்.

"சர்ச் ஊர்வலத்துக்கு வாசிப்பாங்களே, அந்த மாதிரியா?"

"ஊர்வலம், சாவு, போட்டி, எல்லாத்துக்கும் வாசிப்பாங்க. அந்தச் சத்தத்தை வச்சுத்தான் எனக்குப் பாட்டே வருது, டென்ஸில். மூணு தட்டுலயும் அதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

க்ராஃப்ட் பெருமூச்சு விட்டார். "செய்யலாம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இது போகலேன்னா அடுத்தது கிடையாதுன்னு மேல சொல்லிட்டாங்க. அப்புறம் நீ உங்க ஊருக்கே பஸ் ஏறவேண்டியதுதான்."

பேண்டைக் கேட்க அவள் ஊருக்கு வந்தாள். கூட்டுறவுக் கடைக்கு மேலே மாடிதான் ஒத்திகை இடம். நடத்துபவர் வால்டர் போமாண்ட், பகலில் தச்சர். பேசினால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்.

"ராக் பாட்டா? நாங்க எழுந்து நின்னு ஆடணுமா?"

"வேணாம், உக்காந்தே ஊதலாம்."

"டை கட்டிக்கலாமா?"

"தாராளமா."

"டீ உண்டா?"

"பன்றிக்கறி வச்சுச் சுட்ட 'பை'யும் உண்டு."

"அப்ப இதுல என்னடா புதுசு இருக்கு?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார். மாடியே சிரித்தது. ஆர்னால்டு மட்டும் சிரிக்கவில்லை; அவர் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, "நல்ல காரியம் பண்ணினே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வருவதே அபூர்வம்.

ஒரு ஞாயிறு மதியம் க்ராஃப்ட் ஒலிப்பதிவு மெஷினை மாடிக்கு ஏற்றினார். எல்லாரும் டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார்கள். லோர்னாவின் கிட்டார்காரன் பேண்டோடு சுதி சேர்த்துக்கொண்டான். அவளுடைய குரலை அப்புறம் லண்டனில் சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மூன்று பாட்டு பதிந்தது. என்ன சத்தம் அது! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. க்ராஃப்ட் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்தினார். பிறகு எல்லாரையும் கடைப் படிக்கட்டில் உட்கார வைத்து ஆல்பம் அட்டைக்குப் படம் பிடித்தார்கள். ஆர்னால்டு கடைசிப் படியில் கொம்போடு.

வினை லண்டனில் வந்தது. மற்ற பாட்டுகளெல்லாம் ஸ்டுடியோ ஆர்கனை வைத்துக் கட்டியவை. பேண்டு பாட்டு மூன்றுக்கும் அந்த ஆர்கன்தான் முதுகெலும்பு. டேப்பை ஓடவிட்டு ஆர்கனில் ஒரு கட்டையை அமுக்கியதும் அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் பல் கூசியது.

"உங்க பேண்டு சுதி ஏறிக் கிடக்கு" என்றார் க்ராஃப்ட்.

"உங்க ஆர்கன்தான் இறங்கிக் கிடக்கு" என்றாள் லோர்னா, கொஞ்சம் கூட யோசிக்காமல்.

க்ரிம்லிக்காரி அப்படித்தான் சொல்வாள். நாடே எப்போதோ சுதியைக் கீழே இறக்கிக்கொண்டது. பித்தளை பேண்டுகளுக்கு மட்டும் பழைய உயரச் சுதி. மற்ற ஊர்க்காரர்கள் வாத்தியங்களை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டார்கள், க்ரிம்லி மாற்றவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பியானோ, இரண்டு சர்ச் ஆர்கன், ரேடியோ எல்லாமே சுதி இறங்கியவை என்றுதான் பேச்சு. பியானோவுக்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை, பாவம் என்பார்கள். உலகமே தப்பு, மாடி மட்டும் சரி என்று நம்பி வளர்ந்தவள் அவள். மன்றத்திலும் லண்டனிலும் இத்தனை வருஷம் கீழ்ச் சுதியில் பாடியும், அப்பாவின் கொம்பையும் ஆர்கனையும் ஒரே அறையில் ஒன்றாகக் கேட்டதே இல்லை. இரண்டாவது கட்டையை அமுக்கும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஆர்கனை ஏற்ற முடியாது. டேப்பை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். பேண்டு ஜலதோஷம் பிடித்தவர்கள் ஊதுவது போல ஆகிவிட்டது. நாள் நெருங்கிவிட்டது, அட்டைகூட அச்சாகி வந்துவிட்டது. க்ராஃப்ட் போனை எடுத்தார். மறுநாள் லண்டன் வாத்தியக்காரர்கள் வந்து, சுரம் எழுதின காகிதத்தைப் பார்த்து, ஒரே மதியத்தில் மூன்று பாட்டையும் ஊதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பிசிறு கிடையாது. மோசமாக இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். நன்றாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அட்டையில எங்க ஊர் பேரு, எங்க ஆளுங்க படம்..."

"யாருக்குத் தெரியப் போவுது, லோர்னா? பித்தளைன்னா பித்தளை. வேணாம்னு சொல்லு, நிறுத்திடறேன். ஆனா நிறுத்தினா இந்தத் தட்டு வராது. உனக்கே தெரியும்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம். மறுபடி பிங்கோவுக்கு நடுவில் நின்று பாட வேண்டுமே என்ற பயம். சரி, அதைக்கூட மன்னிக்கலாம். ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அதையும் சொல்லவில்லை. ஆர்னால்டு தெருமுனைப் போன் பெட்டியிலிருந்து கூப்பிட்டு, "எப்ப வருது?" என்பார். "வரும்ப்பா" என்பாள். சொல்ல வாயெடுப்பாள், அதற்குள் அவர் யார் யார் எத்தனை தட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்.

தட்டு வெளிவந்த வாரம், ஒத்திகை நாளில், சாயங்காலம் மாடிக்கு வரச் சொல்லி அவளுக்கு ஆள் வந்தது. போகாமல் இருக்க முடியுமா? போனாள். மேசையில் பன்றிக்கறி பை வெட்டி வைத்திருந்தார்கள். ஆர்னால்டு வீட்டு ரெக்கார்டு பிளேயரைத் தோளில் சுமந்து வந்திருந்தார். எல்லார் மடியிலும் வாத்தியத்துக்குப் பதிலாக அட்டை. நாங்க இருக்கோம் பாரு, நீ கண்ண மூடிட்ட பாரு என்று ஒரே கலாட்டா.

போமாண்ட் முள்ளை வைத்தார். முதல் பேண்டு பாட்டு.

எட்டுத் தாளம் போயிருக்கும். பஸ் கண்டக்டர் வில்ஃப், இரண்டாவது வரிசையில் சின்னப் பித்தளைக் குழல் ஊதுபவன், சந்தோஷம் தாங்காமல் குழலை எடுத்து, கூடவே மெல்ல ஊதினான். ஒரே ஒரு சுரம். அது தட்டோடு உரசியது. குழலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான், மறுபடி உரசியது. அப்புறம் ஊதவில்லை. மாடியில் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். பாதியில் நிறுத்துவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லோர்னாவுக்கு அது எத்தனை நீளமான பாட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போமாண்ட் முள்ளைத் தூக்கினார்.

"நல்லா ஊதறாங்க" என்றார். "யாரும்மா அவங்க?"

அவள் சொன்னாள். ஆர்கன், சுதி, டேப், லண்டன்காரர்கள், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"முன்னாடியே ஏன் சொல்லல?" ஆர்னால்டு கேட்டார்.

"பயமா இருந்துச்சுப்பா."

"என்ன பயம்? அடிச்சிருவமா?"

"இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லிட்டீங்கன்னா?"

ஆர்னால்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பெரிய கொம்புக்காரன் நல்லா ஊதறான்" என்றார். "மூச்சு எங்க எடுக்கறான்னே தெரியல." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதைக் கேட்கத்தான் அவளால் முடியவில்லை.

வில்ஃபுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "என் பஸ்ல ஏறினவன் இறங்கினவன்கிட்டல்லாம் அது நான்தான்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப என்ன செய்ய? வேற ரூட்டு கேட்டு வாங்கிக்கவா? நல்லா இருக்கு உன் நியாயம்!"

"நீ ஊதினதையும் கேட்டேனே, வில்ஃப்" என்றான் யாரோ. "லண்டன்காரன் ஊதினதையே உன்னதுன்னு சொல்லிக்க, கௌரவமா இருக்கும்." சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. லோர்னா கோட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் போமாண்ட்.

"இல்ல... நான் போறேன்."

"போயிட்டா? பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாங்க ஊர் ஊரா நடந்து வாசிக்கணும். இந்தப் படத்தைப் பார்த்தவனெல்லாம் எங்களை மறிச்சு, தட்டுல ஊதினதை ஊதுன்னு கேப்பான். அது நாங்க இல்லீங்கன்னு ஒவ்வொரு ஊர்லயும் விளக்கம் சொல்லிக்கிட்டா நிக்கறது? ஊதித்தான் ஆகணும். சரி, ஊதிடறோம். பாடறது யாரு, என் பொண்டாட்டியா?"

"உங்க சுதியில என்னால பாட முடியாது. பாட்டோட கடைசிக் கட்டு லண்டன் சுதியிலயே எனக்கு உச்சி. இங்க எட்டாது."

"எட்டாதுன்னு தெரியுது. அதுக்கு நாங்க என்ன செய்ய? காகிதத்தை எடுங்கப்பா."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பன்றிக்கறி பையை ஓரம் தள்ளிவிட்டு வாத்தியங்களை எடுத்தார்கள். ஆர்னால்டு அட்டையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கொம்பை மடியில் ஏற்றினார். அவள் கோட்டைக் கையில் பிடித்தபடியே போமாண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பின்வரிசையிலிருந்து அப்பா சுரம் கொடுத்தார், நீளமாக, அவள் பிடித்துக்கொள்ளும்வரை.

முதல் கட்டு வந்தது, இரண்டாவதும் வந்தது. லண்டனில் ஹெட்ஃபோனில் கேட்டதெல்லாம் பொம்மை என்று தோன்றியது. இங்கே சத்தம் முதுகைப் பிடித்துத் தள்ளியது. கடைசிக் கட்டில் உச்சிக்கு ஏறினாள். குரல் நடுவில் உடைந்து, கோழி கத்துவது போல ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. எல்லாரும் ஊதுவதை நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்கப் போனாள்.

போமாண்ட் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டினார். "பேச்சு வேணாம். கடைசிக் கட்டு. மறுபடியும்."

மறுபடியும் பாடினாள். அதே இடத்தில் உடைந்தது.

"மறுபடியும்" என்றார்.