குடிதண்ணீரில் கழுவிய பெல்ட்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் காலை ஆறே காலுக்கு மரக்காணம் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது காசு. வேலூரில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. புதுச்சேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் உப்பளத்தையும் பார்த்துவிடலாம் என்று இந்தச் சுற்றுவழி. ஒண்டியாக ஒரு பொம்பளை இப்படிச் சுற்ற வேண்டுமா என்று தங்கை கடிதத்திலேயே திட்டியிருந்தாள். திட்டுதான் வாங்கியாகிவிட்டதே, இனி எதற்காகப் போகாமல் இருப்பது?

பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவள் பெயர் அஞ்சலை. முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் காலித் தூக்குச்சட்டி. அவள் கணவர் முனுசாமி கால் முறிந்து திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ராத்திரி அவருக்குத் துணையிருந்துவிட்டு உப்பளத்து வேலைக்குத் திரும்புகிறாள். நான் உப்பைப் பார்க்க வருகிறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உப்புல பாக்கறதுக்கு என்னாம்மா இருக்குது? வெள்ளையா இருக்கும், கண்ணு கூசும். அவ்ளோதான்."

முருக்கேரி தாண்டுவதற்குள் சிரிப்பு போய் அவள் கவலை வெளியே வந்தது. கால்வாயிலிருந்து பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சின் எட்டு நாளாகக் கத்துகிறது. கத்தல் ஏற ஏற, தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது.

"பாத்தி காஞ்சி அடிமண்ணு வெடிச்சிடுச்சின்னா இந்த வருசம் அவ்ளோதாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு மொதலாளி வர்றாரு. தண்ணி ஏறலன்னா எங்க பாத்திய வேற ஆளுகிட்ட குடுத்துடறேன்னு சொல்லிட்டாரு. அந்த ஆளையும் கையோட கூட்டினு வர்றாராம்."

"மெக்கானிக்கைக் கூப்பிடலையா?"

"வெள்ளிக்கெழமதான் வருவேன்னுட்டான். இன்னிக்கு பொதன்."

ஆற்காட்டில் என் அப்பா நெல் மில் வைத்திருந்தார். ஒரே கூரையின் கீழ் நான்கு பெல்ட். எந்தப் பெல்ட் எதற்காகக் கத்துகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நான் வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சரம்மா இஞ்சின் கூட பாப்பீங்களா?"

"உங்க பஸ்ஸைத் தவிர எதையும் பார்ப்பேன். இது கைமீறிப் போயிடுச்சு" என்றேன். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தது போதும், இனி இஞ்சினைச் சரிசெய்யவில்லை என்றால் என் மானம் போகும் என்று அப்போதுதான் உறைத்தது.

மணி ஏழே முக்கால். மரக்காணத்தில் இறங்கி, பெரிய ரோட்டிலிருந்து உப்பளத்துக்கு மூன்று கிலோமீட்டர் வரப்பு வழியே நடை. இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகப் பாத்திகள். ஓரங்களில் குவித்த உப்பு. ஒரு மரம் கிடையாது. எட்டரை மணி வெயிலே மேலிருந்தும் அடித்தது, கீழிருந்தும் அடித்தது. என் கூஜாவிலிருந்த தண்ணீரில் பாதியை வழியிலேயே குடித்துத் தீர்த்தேன். அஞ்சலை கேட்கவும் இல்லை, எனக்குக் கொடுக்கத் தோன்றவும் இல்லை.

கீற்றுக் கொட்டகைக்குள் இஞ்சின். ஆறடி தள்ளிப் பம்ப். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் அகலத்தில் தட்டைப் பெல்ட். உப்பு வாரிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவள் கிளியம்மா. அஞ்சலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது. பம்ப் தண்ணீரை இழுக்க ஆரம்பித்ததுதான் தாமதம், சாணைக்கல்லில் கத்தியை வைத்ததுபோல் ஒரு கிறீச்சல். எனக்குப் பல் கூசியது. குழாயில் தொடை கனத்துக்கு வரவேண்டிய தண்ணீர் மணிக்கட்டு கனத்துக்குத்தான் வந்தது.

யாரும் சொல்லாமலே கிளியம்மா ஒரு டப்பாவை எடுத்தாள். பக்கத்துப் பாத்தியில் முகந்து, ஓடுகிற பெல்ட்டின் மேல் ஊற்றினாள். கிறீச்சல் சட்டென்று நின்றது. நால்வரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

பத்து நிமிடம். முன்னைவிட மோசமாகக் கத்தியது. அவள் மறுபடி டப்பாவை எடுத்தாள்.

"நிறுத்து, நிறுத்து" என்றேன். "இந்த வைத்தியம் எத்தனை நாளா நடக்குது?"

"எட்டு நாளா நடக்குதுங்க" என்றாள் அஞ்சலை. "பிரம்மதேசத்துல கெணத்து இஞ்சினுக்கு இப்டிதான் தண்ணி ஊத்துவாங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. மொதல்ல காலைல ஒரு டப்பா ஊத்துனா பொழுதுக்கும் போதும். இப்ப பத்து நிமிசத்துக்கு ஒண்ணு கேக்குது."

இஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பெல்ட்டைத் தொட்டேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு. பெல்ட் சுற்றுகிற சக்கரம், புல்லி இரண்டிலும் வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான மரக்காணத்து உப்பு.

எனக்குக் கோபம்தான் வந்தது. கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் காய்ந்ததோடு சரி. இவர்கள் ஊற்றியதோ உப்பு விளைகிற தண்ணீர். புல்லிச் சூட்டில் அது காயக் காய, பெல்ட்டின் மேலேயே எட்டு நாளாக உப்பு விளைவித்திருக்கிறார்கள். வழுக்கல், வழுக்கினால் கத்தல், கத்தினால் இன்னும் ஒரு டப்பா. "நாலு பேர் இருக்கீங்க, ஒருத்திக்கும் தோணலையா?" என்று கத்தினேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் இருப்பது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். வேறு எதை ஊற்றுவார்கள்? கத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

மணி பத்து. பெல்ட்டைக் கழற்றினோம். கிளியம்மா கொட்டாங்கச்சி ஓட்டால் புல்லியைச் சுரண்டினாள். முதல் கத்தலுக்கு என்ன காரணம் என்று நான் தேடினேன். சாக்குத் தைக்கிற சணலை இரண்டு புல்லிகளின் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடித்தேன். புல்லி இரண்டும் நேராக நின்றால் சணல் நாலு இடத்திலும் தொட வேண்டும். பம்ப் பக்கம் ஒரு விரல் இடைவெளி. பம்பின் அடிக்கட்டை ஈர மண்ணில் ஒரு மூலை இறங்கியிருந்தது. பெல்ட் கோணலாகவும் தொய்வாகவும் ஓடியிருக்கிறது. பனஞ்சிம்பை ஆப்பாக மூலையில் அடித்து நிமிர்த்தி, கொட்டகையில் கிடந்த ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்திப் பம்பைப் பின்னுக்கு இழுத்து முடுக்கினோம். இதெல்லாம் கை வேலை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பெல்ட்டைக் கழுவுவதுதான் பாக்கி. உப்பை எடுக்க நல்ல தண்ணீர் வேண்டும். கொட்டகை மூலையில் ஈரச் சாக்கு சுற்றிய இரண்டு பானை, நால்வருக்கும் பொழுது சாயும்வரை அதுதான் குடிதண்ணீர். நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. விடியற்காலை வரிசையில் நின்று மொண்டு வந்தது. இந்த நேரத்தில் அதில் சேறுதான் இருக்கும் என்றார்கள்.

இந்த வெயிலில் வேலை செய்கிறவர்களிடம் குடிதண்ணீரைக் கொட்டு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அஞ்சலை மற்ற மூவர் முகத்தையும் பார்த்தாள். பாத்தி போனால் அவள்தான் போவாள். அவர்கள் புது ஆளிடம் கூலிக்கு இருந்துகொள்ளலாம்.

கிளியம்மா பானையைத் தூக்கினாள்.

"ஆளுக்கு ரெண்டு மடக்கு குடிச்சிக்குங்கடி. மிச்சத்த ஊத்திடலாம்."

என் கூஜாவில் இருந்த பாதியையும் கொடுத்தேன். பெரிய தியாகம் இல்லை. மற்ற பாதியை வரும்போதே குடித்தவள்தானே நான். முதல் பானைத் தண்ணீர் பால்போல் வெளுத்து வழிந்தது. இரண்டாவது பானை முடியும்போது பெல்ட்டின் நூல் இழை கைக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டது. துணியால் துடைத்து வெயிலில் போட்டோம்.

மணி ஒன்றே கால். அஞ்சலை ஹேண்டிலைச் சுற்றினாள். இஞ்சின் தடதடத்தது; பெல்ட் மூச்சு விடவில்லை. குழாய் இரண்டு முறை இருமிவிட்டு முழு வாய்க்குத் தண்ணீரைத் தள்ளியது. தண்ணீர் வாய்க்காலில் ஓடி முதல் பாத்திக்குள் நுழைவதைப் பார்த்து அஞ்சலை அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு மணிக்கெல்லாம் முதலாளி வேர்க்க விறுவிறுக்க வந்துவிட்டார். அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கிடங்கில் இருந்தவருக்கு, எட்டு நாளாகக் கேட்ட கிறீச்சல் பத்து மணிக்குப் பிறகு கேட்காததால் இஞ்சினே நின்றுவிட்டது என்று தோன்றியிருக்கிறது. பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒல்லியாக ஒரு ஆள்: தனபால். பாத்தியை வாங்கிக்கொள்ள வந்தவர். முதலாளி குழாயைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், நிறைந்த பாத்தியைப் பார்த்தார். திட்டுவதற்குத் தயாராக வந்த வாய்க்கு வேலை இல்லாமல் போனது.

"வெயில் கொல்லுது. ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார்.

அஞ்சலை பானையைச் சாய்த்துக் காட்டினாள். "இல்லீங்க. எல்லாத்தையும் ஒங்க பெல்ட்டு குடிச்சிடுச்சி."

கிளியம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் காலிப் பானைகளை எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏம்பா தனபாலு, நம்ம வூட்டுக்குப் போயி ரெண்டு பானையும் ரொப்பினு வா. இவங்க நாலு பேரும் நாக்கு வறண்டு கெடக்கறாங்க" என்றார். அஞ்சலையிடம், "உப்பு அறுப்பு முடியிற வரைக்கும் பாத்திய நீயே பாத்துக்க" என்றார்.

தனபால் பானைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில் நனைந்த சட்டையோடு திரும்பினார். அஞ்சலை முதல் சொம்பை அவரிடம்தான் நீட்டினாள். "நீங்க குடிங்க மொதல்ல" என்று அவர் தள்ளி நின்றுகொண்டார்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு தனபால்தான் என் பையைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ரோடு வரை வந்தார். பிரம்மதேசத்துக்காரர். மழை பொய்த்ததில் கழனி வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள். மூன்று நாளைக்கு முன் பாத்தி கிடைக்கும் என்று முதலாளி சொன்னதும் வீட்டில் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம். குறை சொல்வதாக இல்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, அந்த சத்தம் மறுபடியும் வருங்களா?"

பெல்ட்டைப் பற்றி அன்று யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கும் இருந்தது.

"வராதுங்க" என்றேன்.

"நல்லதுங்க. பாவம் அந்தம்மா" என்றார்.

புதுச்சேரி வரை முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் அதே ஒரு ரூபாய் நாற்பது காசு. அஞ்சலைக்குப் பாத்தி நிலைத்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம், அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. தனபால் அன்று வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று பொம்மையார்பாளையம் வரை யோசித்துக்கொண்டே போனேன். ஜன்னல் பக்கம் கடல் வந்துகொண்டே இருந்தது. நான் பார்க்கவில்லை.