குத்தாமல் போன முடி

முடி வெட்டுகிறவர்களின் காலில் முடி குத்தும். வெட்டுப்பட்டு விழும் துணுக்கு ஊசிபோல விரலிடுக்கில் ஏறிவிட்டால் நாள் முழுக்க நெருடும். காதில் சீப்பைச் செருகியே வைத்திருப்பதால் ‘சீப்பு’ என்று பெயர் வாங்கிய அவர், கடை மூடும்போது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடுக்கியால் அவற்றைப் பிடுங்கி எடுப்பார். கடையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலி அவர் மனைவியின் தம்பிக்கு.

சர்க்கரை நோய் அவருக்குப் பழைய விருந்தாளி. நினைவு வந்தால் மாத்திரை போடுவார். ஒரு கட்டத்தில் முடி குத்துவது நின்றுபோனது. அதில் அவருக்குப் பெருமை.

“தொழிலுக்குத் தோல் பழகிடுச்சு மச்சான். இனிமே ஆணி மேலகூட நடப்பேன்.”

“நடங்க மாமா. நான் வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறேன்.”

நுரை பூசிய முகத்தோடு வாடிக்கையாளர் சிரித்தார். இடுக்கி இழுப்பறைக்குள் போனது. அதன்பின் சீப்பு தன் காலைக் குனிந்து பார்க்கவே இல்லை.

கடையைப் பெருக்கும்போது மைத்துனன் அதைக் கவனித்தான். முதல் நாற்காலிக்குப் பின்னால், சீப்பு நிற்கும் இடத்தில் மட்டும் முடி துடைப்பத்தோடு வரவில்லை. தரையில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒழுகுகிறதோ என்று மாற்றிப் பார்த்தான். மறுநாளும் அதே இடத்தில் ஈரம், வலது பாதத்தின் முன்பாதி அளவுக்கு. குனிந்து மோந்தான். பவுடர் வாசனைக்கு அடியில், எங்கோ எலி செத்துக் கிடப்பது போல ஒரு வீச்சம்.

“மாமா, செருப்பக் கழட்டுங்க.”

“வேலை நேரத்துல எதுக்குடா?”

“கழட்டுங்கன்னா.”

பாதம் வீங்கிச் சிவந்து பளபளத்தது. தொட்டால் சுட்டது. சின்ன விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் சீப்பு அதைப் பார்த்தார்.

“வலிக்கவே இல்லையே.”

“அதான் மாமா பயமா இருக்கு.”

“படிகாரம் தேய்ச்சா ஆறிடும். ஞாயித்துக்கிழமைக் கூட்டம் முடியட்டும்.”

மைத்துனன் அக்காவுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினான். மறுமுனைக் குரல் கடை முழுக்கக் கேட்டது. “நின்னாத்தானே உங்களுக்குப் பொழப்பு? காலே போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? இப்பவே கிளம்புங்க.”

மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தில் படும்போது சொல்லச் சொன்னார். சீப்பு மூடிக்கொண்டார். மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஆரம்பிங்க டாக்டர்,” என்றார் பொறுமை போய்.

“முடிச்சிட்டேன்.”

சீப்பு கண்ணைத் திறந்தார். இழை ஏற்கெனவே மேசைமேல் கிடந்தது.

துளையிலிருந்து ஒரு கொத்து முடி வந்தது. கருப்பு, நரை, சாயம் பூசிய செம்பட்டை. யார் யார் தலையோ. பிறகு மழுங்கிய கம்பி ஒன்றை மருத்துவர் உள்ளே விட்டார். அது ஆழத்தில் போய்க் கெட்டியாக எதிலோ தட்டி நின்றது.

“எலும்பு வரைக்கும் போயிருக்கு. ரெண்டு விரலை எடுத்தாகணும். ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, அதனால பாதம் தப்பிக்கும்னு நம்பறேன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எங்க வெட்டறதுன்னு பேசிட்டிருப்போம். வலி வந்து எழுப்பும்னு காத்திருக்காதீங்க, அது வராது. தினமும் கண்ணாலதான் பார்க்கணும்.”

விரல்கள் போயின. காலை ஊன்றாமல் மாதக்கணக்கில் கிடந்து, ஊசியால் சர்க்கரையைக் கட்டி வைத்த பிறகுதான் புண் மூடியது. இப்போது சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து முடி வெட்டுகிறார். காலில் மூடிய, மெத்தென்ற ஷூ. பிடரியைக் காட்டும் கைக்கண்ணாடி, மதியச் சாப்பாட்டுக்குமுன் அவர் பாதங்களுக்கு அடியில் போகும்.

ஒரு நாள் அந்தக் கண்ணாடி இடது காலில் நின்றுவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துத் தடித்த தோலுக்குள், மை ஊறினாற்போல் ஒரு கருஞ்சிவப்பு. அழுத்திப் பார்த்தார்.

“மச்சான், ஷட்டர இறக்கு.”

“வலிக்குதா மாமா?”

“இல்ல.”

மைத்துனன் கத்தியைக் கீழே வைத்தான்.

“எனக்குப் பாதிதானே ஆச்சு?” என்றார் அவன் நாற்காலியில் இருந்தவர்.

மைத்துனன் அவருடைய இன்னொரு கன்னத்து நுரையைத் துண்டால் துடைக்கத் தொடங்கினான்.