கொல்லிமலைக்குத் துண்டு வேண்டாம் என்றவர்

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறாளாம். போன வாரம் வீடியோ காலில் ஒரு துண்டைக் காட்டினாள். மடித்தால் கைக்குள் அடங்கிவிடுகிறது. கனமே இல்லையாம், உதறினால் காய்ந்துவிடுமாம்.

"இதையும் எடுத்துட்டுப் போறதா, வேண்டாமாம்மா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அவள் அப்பா, "எதுக்குக் கண்ணு, அது ஒரு சுமை" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "துண்டப் பத்தி ஊர்ல யாரு வேணாப் பேசலாம், நீங்க பேசப்படாது" என்றேன். மனுஷன் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமான வருஷத்துக் கதை அது. அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் எடப்பாடிக்காரி. அப்பா வீட்டோடு விசைத்தறி போட்டிருந்தார். ஓடியதெல்லாம் துண்டுதான். முகம் துடைக்க, சோறு வடித்த குண்டாவை இறக்க, பிள்ளையைப் படுக்க வைக்க, வெயிலுக்குத் தலையில் போட, எல்லாவற்றுக்கும் துண்டு. ஊருக்குக் கிளம்புகிறவர் தோளில் அது இல்லையென்றால், "ஏனுங்க, என்னமோ மறந்தாப்ல இருக்குதுங்களே" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். என் கல்யாணச் சீரில் அப்பா ஒரு கட்டுத் துண்டு தனியாக வைத்தார். கரைக்கு நிறம் பார்த்து நூல் எடுத்து, ஆளை விடாமல் தானே தறியில் நின்று ஓட்டியது. பாத்திரத்தையும் பீரோவையும் விட அந்தக் கட்டைத்தான் நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம். ரயில்வேயில் வேலை, சேலம் சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். நல்லவர்தான். ஆனால் பேச்சு வராது. குழம்பு எப்படி என்றால், "இருக்குது" என்பார். இருக்குதா! இருப்பது எனக்குத் தெரியாதா? நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிய வீட்டிலிருந்து போனவள் நான். அந்த வீட்டின் அமைதி என்னைக் கொன்றது. லீவு கிடைத்தால் பையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆவணியில் கல்யாணம். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கொல்லிமலைக்கு வாரியா?" என்று கேட்டார். அவராகக் கேட்ட முதல் கேள்வி. துள்ளிக்கொண்டு கிளம்பினேன். சீர்க்கட்டிலிருந்து துண்டு ஒன்றை உருவிப் பையில் வைத்தேன்.

அருவிக்கு இறங்குகிற படிகள் முடிவேனா என்கின்றன. அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் எல்லாம் மறந்துபோனது, ஐயோ, அப்படி ஒரு குளிர்ச்சி! அவர் பனியனோடே நின்று குளித்தார். நாலு பேர் எதிரில் மேல்சட்டையைக் கழற்றவே கூசுகிற ஆள். கரையேறிப் பையைத் திறந்தால் துண்டைக் காணோம்.

"நாந்தேன் எடுத்து ஊட்லயே வெச்சுட்டேன். கைலி இருக்குதே, இதுல தொவட்டிக்க" என்று நீட்டினார்.

ஈரத்தில் புடவை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன், போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. அதுகூடப் பரவாயில்லை. எங்கப்பா கொடுத்ததை இந்த மனிதர் அத்தனை நாளில் ஒரு தடவையாவது தொட்டிருக்கிறாரா? குளித்தால் பழைய கந்தல் துண்டுதான். கைலியை நான் வாங்கவில்லை. முந்தானையைப் பிழிந்து பிழிந்து தலையைத் துடைத்தேன். படியேறும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா என்பது கூடச் சந்தேகம்.

மலைமேலேயே, செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் டீ வாங்கப் போனார். அங்கே ஒரு கடையில் காசு போடுகிற போன் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நாமக்கல்ல எறங்கி நேரா அங்க வந்தர்றேம்மா. இனிமேட்டு இங்க இருக்க முடியாது."

"ஏஞ்சாமி, என்னாச்சு? அடிச்சுப்போட்டாரா?"

"அடிச்சாக்கூடப் பரவால்ல. அப்பா குடுத்த துண்டக்கூடத் தொடமாட்டேங்கறாரும்மா. நம்மள மதிக்கல."

திரும்பினால், இரண்டு டீ டம்ளரையும் பிடித்தபடி பின்னாலேயே நிற்கிறார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மலையிறங்கும் பஸ்ஸில், அத்தனை கொண்டை ஊசி வளைவிலும், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் சாயங்காலக் கூட்டம். சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவர் சேலம் பஸ்ஸைத் தாண்டி நடந்தார்.

"எடப்பாடி பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும். வா, அம்மிணி."

போகாதே என்பார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல.

சங்ககிரி வழியாக எடப்பாடி போகிற பஸ் உள்ளே நுழைந்ததும் ஜனம் பாய்ந்தது. வண்டி நிற்பதற்குள் ஜன்னலுக்கு ஜன்னல் துண்டு பறந்தது. துண்டு விழுந்த சீட்டில் வேறு ஆள் உட்கார மாட்டார், அது நம் பக்கத்துச் சட்டம். அவரிடம் துண்டு ஏது? பை கம்பிக்குள் நுழையாது. ஒரு நொடி முழித்தார். பிறகு மளமளவென்று பொத்தானைக் கழற்றி, சட்டையைச் சுருட்டி, எட்டி ஒரு ஜன்னலுக்குள் எறிந்தார்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்க, இன்னும் காயாத பனியனோடு நின்றார். இரண்டு காலேஜ் பையன்கள் கைதட்டினார்கள்.

"போய் உக்காரு. நின்னுக்கிட்டுப் போனா கால் வலிக்கும்" என்றார்.

ஏறினேன். உள்ளே ஓர் அக்கா, "ஆளு வருதுங்கொ, சட்டை கெடக்குது" என்று மற்றவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"அந்தத் துண்டு வேண்டாம்னு எடுத்து வெக்கல. எங்க ஊட்ல சீருத்துணிய தலை தீவாளிக்கு முன்னால நனைக்கமாட்டாங்க. தீவாளியன்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு, மொதமொதல்ல அதத்தேன் எடுக்கோணும். உனக்குந் தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"நீ எத்தன நாள் வேணா இருந்துட்டு வா. வரலீன்னாலுஞ் செரி. மதிக்கலேன்னு மட்டும் உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத. அவரு மனசு ஒடஞ்சுபோயிரும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் கையை மேலே நீட்டி, "சட்டையக் குடு" என்றார்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, இதை முன்னமே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டை வேணும்னா ஏறி வாங்க."

"சீட்டில்லையே?"

"நின்னுக்கிட்டு வாங்க. கால் வலிக்கட்டும்!"

வண்டி நகர்ந்துவிட்டது. ஓடி வந்து தொற்றிக்கொண்டார். பக்கத்து அக்கா சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்து, அரை ஆளுக்கு இடம் விட்டார். அந்த அரை இடத்தில் சங்ககிரி வரைக்கும் என் தோள்மேல் சாய்ந்து தூங்கினார், குழந்தை மாதிரி.

எடப்பாடியில் இறங்கினால் அப்பாவும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறார்கள். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. எனக்குப் பின்னால் அவர் இறங்குவதைப் பார்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் சமாளித்து, "வாங்க மாப்ள" என்று அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

அம்மா என் முகத்தைத் தடவி, "என்ன சாமி?" என்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

"பசிக்குதும்மா. ரெண்டு பேருக்கும்" என்றேன்.