வர்க்கி டின்னுக்குள் போன கார்டு

கார்டு பார்த்துச் சொல்லும் தொழிலில் ஒரே ஒரு வசதி, எதிரே உட்காருகிறவருக்கு நல்லது மட்டும் சொன்னால் போதும். அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

"ஒண்ணும் ஆகாதுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லியே சோறு தின்கிறவர்கள் நாட்டில் நிறையப் பேர். கல்யாண புரோக்கர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற பெண். நீங்களும் அதில் ஒருவர் என்றால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாம் படுகிற பாடு நமக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். ஆரக்கிள் கார்டு என்பது கிளி ஜோசியம் இல்லை, ஜாதகமும் இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கார்டுகள், மொத்தம் நாற்பத்து நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்துக்குக் கீழே தெம்பு கொடுக்கிற ஒரு வரி. மனசில் ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். வந்த படத்தை வைத்து நான் நாலு நல்ல வார்த்தை சொல்லுவேன். அவ்வளவுதான் சமாச்சாரம்.

மூன்றாம் நம்பர் ரூம்

குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷனில் இருந்தேன். மூன்றாம் நம்பர் ரூமைக் காலி பண்ணிவிட்டுப் போன ஒரு அம்மா இந்தக் கார்டுக் கட்டை மெத்தைக்கடியில் விட்டுவிட்டுப் போனார். போன் பண்ணினால், "எனக்கு அது போதும்மா, நீயே வெச்சுக்கோ" என்றார். ஏன் போதும் என்று நான் கேட்கவில்லை. பாருங்க, அப்போதே எனக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது. பிறகு நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று சட்டம் வந்தது, ஆள் வரத்துக் குறைந்தது, ஹோம்ஸ்டேயை மூடினார்கள். வேலை போய் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளைக் கூப்பிட்டு, சாக்லேட் கடை வைத்திருக்கும் நாசர் பாய் தைல பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்.

முதல் வாரத்திலேயே ஒரு சட்டம் போட்டேன். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது ஏதோ பெரிய சாங்கியம் மாதிரி இருந்தது. உண்மை என்னவென்றால், ஒரு அம்மா தன் மாமியார் கதையை ஒன்றரை மணி நேரம் சொல்லி அழுதுவிட்டுப் போனதில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டால்தானே நம் தலையில் ஏறும்? நாசர் பாய்க்கும் இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. அவர் சொன்னார்: "வசந்தாம்மா, நம்ம கடையில சாக்லேட்டும் இனிப்பு, நீங்க சொல்றதும் இனிப்பு. அழுகாச்சி மட்டும் வேண்டாம்."

புதுப்பெண் எடுத்த கதவு

என் கார்டுக் கட்டில் கெட்டது ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஒரே ஒரு கார்டு கொஞ்சம் முறைப்பாக இருக்கும். பாதி திறந்த ஒரு கதவு, உள்ளே இருட்டு, வாசலில் கையில் விளக்கோடு ஒரு பெண். கீழே, 'எதற்குப் பயப்படுகிறாயோ, அதைப் போய்ப் பார்' என்று இருக்கும். சீசன் சமயத்தில் ஈரோட்டிலிருந்து ஹனிமூன் வந்த ஒரு புதுப்பெண் அதை உருவினாள். பார்த்தாள், உதடு கோணியது, பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் மனசில் என்ன இருந்ததோ, என் சட்டப்படி எனக்குத் தெரியாது.

கடையில் இருந்த கூட்டமெல்லாம் எங்களையே பார்த்தது. அவர்கள் போனதும் அந்தக் கார்டை உருவி, மேஜைக்கடியில் இருந்த காலி வர்க்கி பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். மிச்சம் நாற்பத்து மூன்று. ஒருத்தரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அந்த மாப்பிள்ளை எழுந்து போகும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, சந்தோசமா இருக்கலாமுன்னு வந்த எடத்துல இந்த மாதிரிப் படமெல்லாம் எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

கொக்கு

சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வந்தாள். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், நாற்பது வயசு இருக்கும். மாதா கோயிலில் பூசை முடிந்து முக்காட்டை எடுக்காமலே வந்து உட்கார்ந்தாள். "ஃபாதருக்குத் தெரிஞ்சா வைவாரு" என்று வாசலை வாசலைப் பார்த்தாள். அவள் மனசில் இருந்த கேள்வியை நான் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வலது மார்பில் ஒரு கட்டி, சுண்டைக்காய் அளவு. எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே கோயமுத்தூர் போய்க் காட்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். போகலாமா, கொஞ்ச நாள் பார்க்கலாமா? இதுதான் அவள் கேள்வி.

உருவினாள். குளத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு வந்தது. 'காத்திரு, உன் நேரம் வரும்.' நானும் என் பங்குக்கு, அவசரப்படாதீங்க, பொறுமையா இருந்தா எல்லாம் தானா விலகும் என்று அளந்துவிட்டேன். அவள் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது, பாவி. போனில் கொக்கைப் படம் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்று, கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "அப்பாடா, காத்திருக்கத்தான் சொல்லுதுங்களா அக்கா? இனி நிம்மதியாத் தூங்குவேனுங்க."

யானைக்கு ஒரு கார்டு

நடுவில் ஒரு ஆள் வந்தார். தெப்பக்காடு முகாமில் யானைப் பாகன், அக்கா வீட்டு விசேஷத்துக்குக் குன்னூர் வந்தவர். கேள்வியைச் சொல்லாதீங்க என்று நான் வாயைத் திறப்பதற்குள், தன் யானை இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை, அதற்காக ஒரு கார்டு எடுக்க வேண்டும் என்று போட்டு உடைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு. சரி, யானைக்குத் தும்பிக்கை இருந்தும் இங்கே வந்து உருவ முடியவில்லை, நீங்களே எடுங்க என்றேன். சூரியன் வந்தது. நல்லாயிடும் போங்க என்றேன்.

அந்தக் கார்டை அவர் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் சொன்னதைக் கேட்டு, நம்பிக்கை இல்லாத மனுஷன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், என்னிடம் வந்தவர்களிலேயே விவரமான ஆள் அவர்தான். அவர் சொன்னது இது: "சந்தோசமுங்க. இருந்தாலும் நாளைக்கு டாக்டரு ஊசி போட வர்றாரு, அதையும் நான் விட மாட்டனுங்க."

பர்ஸுக்குள் ஒரு சீட்டு

செல்வராணி ஆடியில் ஒரு தரம் வந்தாள், ஆவணியில் ஒரு தரம். இரண்டாம் தரம் மலைமேல் உட்கார்ந்திருக்கிற ஆமை, 'மெல்லப் போ'. மூன்றாம் தரம் வேர்விட்ட மரம், 'இருந்த இடத்தில் உறுதியாக நில்'. எல்லாம் அவளுக்கு ஏற்ற மாதிரியே வந்தது. வராமல் என்ன செய்யும்? போய்ப் பார் என்று சொல்லக்கூடிய ஒரே கார்டு டின்னுக்குள் கிடந்தது.

மூன்றாம் தரம் அவள் வலது கையைத் தூக்காமல் இடது கையால் கார்டை உருவியதைப் பார்த்தேன். பர்ஸைத் திறக்கும்போது நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு சீட்டு கீழே விழுந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பார்த்தவுடனே தெரிந்தது. என்னம்மா இது என்று கேட்க எனக்கு நாக்கு இருந்தது. வெளியே பெங்களூர் வேன் ஒன்று வந்து நின்றிருந்தது, நாலைந்து பேர் என் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் ஏதோ கேட்டுவிட்டது போல அவளே அவசரமாகச் சொன்னாள்: "டிஸ்பென்சரியில குடுத்ததுங்கக்கா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

ஜெனிஃபர்

கார்த்திகை மழையில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து, கார்டு பார்க்கிறது நீங்கதானா என்று கேட்டாள். செல்வராணியின் மகள் ஜெனிஃபர், காலேஜில் படிக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மா எஸ்டேட்டில் எடை போடுகிற இடத்தில் மயங்கி விழுந்ததையும், கோயமுத்தூருக்குக் கொண்டுபோனதையும், ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பதையும் நின்றபடியே சொன்னாள். அக்குளுக்குப் பரவிவிட்டதாம். சீட்டு எழுதின நாளிலேயே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. காலில் விழுந்திருப்பேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. நாசர் பாய் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார், அதையும் வாங்கவில்லை. குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா போன்ல இன்னும் உங்க கொக்குதாங்க ஆன்ட்டி வால்பேப்பர்."

லைன் வீட்டில்

ஒரு வாரம் கடைக்குப் போகவில்லை. அப்புறம் வர்க்கி டின்னை எடுத்துக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த செல்வராணியின் லைன் வீட்டுக்குப் போனேன். தலையில் கம்பளிக் குல்லாய், முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கார்டு கொண்டாந்தீங்களாக்கா, ஒண்ணு எடுக்கணும் என்றாள். மறுநாள் அவள் ஸ்கேனுக்குப் போக வேண்டிய நாள் என்று வாசலிலேயே ஜெனிஃபர் சொல்லியிருந்தாள்.

"முதல்ல கேள்வி என்னன்னு வாயால சொல்லு செல்வராணி" என்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக. அவள் போர்வை நுனியைத் திருகினாள். நாளைக்குப் போகாம இருந்துக்கலாமான்னுதான் என்றாள். நான் டின்னைத் திறந்து, கதவுக் கார்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். புதுப்பெண் அழுததையும், நான் இதை ஒளித்து வைத்ததையும், என் சட்டம் எதற்காகப் போட்டது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அழுதது நான்தான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் குல்லாயைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னாள்: "காலையில ஆறரை பஸ்ஸுங்கக்கா. நீங்களும் வந்துருங்க."

பர்லியார் தாண்டி

போனோம். ஸ்கேனில் வந்தது நல்ல செய்தி இல்லை. இன்னும் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். எல்லாம் சரியாயிடும் என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் ஜெனிஃபரின் காலேஜ் ஃபீஸ், எஸ்டேட் லீவு என்று பேசிக்கொண்டு வந்தாள். பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டாள்.

பர்லியார் தாண்டி மூடுபனி வந்து ஜன்னலை அடைத்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. என் பக்கம் திரும்பாமல், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி மட்டும் கேட்டாள்: "அந்தக் கதவு அப்பவே கட்டுக்குள்ள இருந்திருந்தா, எனக்கு வந்திருக்குமாக்கா?"

இப்போது என் கார்டுக் கட்டில் நாற்பத்து நாலும் இருக்கின்றன, கேள்வியை வாய்விட்டுச் சொன்னால்தான் கட்டையே கலைக்கிறேன், அதனால் வருகிறவர்களில் பாதிப் பேர் கார்டை உருவாமலே டாக்டரிடமோ வக்கீலிடமோ எழுந்து போய்விடுகிறார்கள், தொழில் நன்றாகப் படுத்துவிட்டது.