இங்கிலீஷ் கேட்டேன், தமிழ் கிடைத்தது

மாதாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் என் அன்பு. நான் ஸ்டெல்லா, பட்டினப்பாக்கம் மீனவர் குடியிருப்பில் பிறந்தவள். எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

உளவியலில் முதுகலை முடித்தும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றில் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். படித்தது மனசு, பார்த்தது புடவை. வெளிநாட்டில் மனநல ஆலோசகர் வேலைக்கு விண்ணப்பித்தால் வீடியோவில் நேர்காணல் வைப்பார்கள். இங்கிலீஷில் எனக்கு வாய் குழறும். அதன்பிறகு பதிலே வராது.

"பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்க ஃபாரின் போணுமா? இங்கியே நெறைய கீது" என்று மாமா கிண்டல் செய்வார். தெருவே சிரிக்கும். அம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எம் பொண்ணப் பாத்து சிரிக்கிறாங்களே, வயிறு எரியுது" என்று அழுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சென்ற தவக்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு நேர்காணல் வந்தது. இதுவும் போனால் கடையிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பெசன்ட் நகர் மாதா கோவிலில் முழங்காலிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மாதாவே, எனக்கு இங்கிலீஷ் குடும்மா. அது போதும்."

நேர்காணல் அன்று இங்கிலீஷ் வரவில்லை. முதல் கேள்விக்கே திணறினேன். மாதா கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவள்மேல் கோபமே வந்தது.

பிறகு நேர்காணல் செய்தவர்கள் தங்களிடம் வரும் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். கட்டட வேலைக்கு வந்த தமிழர். வயிற்றில் எரிச்சல் என்று திரும்பத் திரும்ப வருகிறார். எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவர் தமிழில் சொன்னது என்ன என்று நான் கேட்டேன். அவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பெண்மணி சொன்னார்.

"வயிறு எரியுது."

எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. கண் கலங்கிவிட்டது. வயிற்றில் ஒன்றுமில்லை என்றால் எரிவது மனசு, யாரோ அவருக்கு அநியாயம் செய்திருக்கலாம், முதலில் அதை விசாரியுங்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணம் தப்பாகத்தான் இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. தான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தனக்கு இது தோன்றவே இல்லை என்றார் அந்தப் பெண்மணி.

ஈஸ்டருக்குள் வேலை உறுதியானது. நான் கேட்டது ஒன்று, ஆண்டவர் எடுத்துக் கொடுத்தது வேறு. அதை என் வீட்டிலேயே, என் அம்மாவின் வாயிலேயே அவர் முன்பே வைத்திருந்தார்.

இப்போது சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கிலீஷ் இன்னும் குழறுகிறது. ஆனால் பயம் போய்விட்டது. தினமும் முதல் ஆள் உள்ளே வருமுன், இவர் பேசுவதைச் சரியாகக் கேட்க வை என்று ஒரு சின்ன ஜெபம் செய்கிறேன்.

கேட்டது கிடைக்கவில்லையே என்று நொந்துபோயிருப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். கோபம் வந்தால் அதையும் மாதாவிடமே சொல்லுங்கள். நம்புவதை மட்டும் விடாதீர்கள்.

நேற்று அம்மா போனில் பேசினாள். மாமா இப்போது தெருவெல்லாம் என் பெருமை பேசுகிறாராம்.

"இப்பதாம்மா எம் வயிறு குளுந்துச்சு" என்றாள்.