விசாரணைக்கு வந்த செற்றி

வறியவர்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவைத் தகுதியில்லாமல் பெறுகிறவர்கள் பொய் சொல்லித்தான் பெறுகிறார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கையை மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் மறுக்கிறேன். கொழும்பில் மேன்முறையீட்டு மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: சிக்கல்களில் பாதிக்குக் காரணம் மரியாதை. அந்த மேசைக்கு முன்னால் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து முதுகு நொந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். மேசைக்குப் பின்னால் எனக்கும் நொந்தது.

வசதியான விதவை

கொட்டாஞ்சேனையில் நெருக்கமான வரிசை வீடுகள் கொண்ட ஒரு தோட்டத்தில் இடியப்பம் அவித்து விற்கும் இராஜேஸ்வரி அக்கா ஒருநாள் அழுதபடி வந்து நின்றார். வசதியுள்ள குடும்பம் என்று கண்டறிந்து அவருடைய கொடுப்பனவை நிறுத்திவிட்டார்கள். இதுவரை பெற்றதையும் திருப்பிக் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டுவதென்றால் இடியப்பத் தட்டுகளையும் விற்க வேண்டியதுதான். கள உத்தியோகத்தர் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போய்ப் பார்த்த அந்த வீட்டில் மெத்தை வைத்த செற்றி, கண்ணாடி மேசை, மின்விசிறி, பொன்விளிம்புக் கோப்பைகள் எல்லாம் இருந்தனவாம்.

"உங்கட சாமான்களா, அக்கா?"

"ஐயோ, இல்லீங்க சேர். செற்றி பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணனோடது. ஃபேன் முன்வீட்டு பரீதா அக்காவோடது."

"பிறகேன் உங்கட வீட்டில இருந்தது?"

விருந்தோம்பலைப் பற்றி நம் முன்னோர் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். விருந்தினர் உட்காரும் கதிரை யாருடையது என்று ஒருவரும் எழுதவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, படித்தும் பயனில்லாத ஒருவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கவர்மென்ட் ஆளு வீட்டுக்கு வாராரு. தரையிலயா சேர் உக்கார வைக்கிறது?"

உறுமிய சாமி

இருப்பதை ஒளிப்பவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுக்குப் பரிசோதனைக்குப் போனேன். மூலையில் ஆளுயரத்தில் ஏதோ ஒன்று பட்டுத்துணி போர்த்தி நின்றது. மேலே பிள்ளையார் படம், முன்னால் விளக்கு. "சாமி" என்றார் வீட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி. சாமி மெல்ல உறுமியது. பிறகு ஒருமுறை நடுங்கி அடங்கியது. நானும் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினேன்.

அப்போது அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்தார். "பாவம், வெயிலுக்குள்ள வந்திருக்கிறியள். குளிர் தண்ணி தரட்டே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் பட்டுத்துணியை விலக்கி, சாமியின் கதவைத் திறந்து, போத்தலை எடுத்தார். வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "சாமிக்கு எல்லாம் தெரியும், தம்பி. இவளுக்குத்தான் ஒண்டும் தெரியாது."

சொல்லாமல் போன நாள்

இராஜேஸ்வரி அக்காவைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது: சொல்லாமல் போய் வீட்டைப் பார்ப்பது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் எங்கள் மேலதிகாரி மல்காந்தி மேடம். அவரை நானே கூட்டிப்போனேன். வீட்டில் ஒரு பாய், ஒரு அடுப்பு, இடியப்பத் தட்டுகள். மேடம் நின்றபடியே குறிக்கத் தொடங்கினார். எனக்குப் பெரிய நிம்மதி. அக்காவுக்கோ உயிர் போய்விட்டது. "சொல்லிட்டு வரக்கூடாதா சேர்?" என்று என் காதில் சீறிவிட்டுப் பின்வாசலால் ஓடினார்.

கதிரை இல்லை என்று மேடம் எழுதி முடிக்கவும் வாசல் இருண்டது. அந்தோனி அண்ணன் ஒரு முனையையும் அவருடைய மச்சான் மறுமுனையையும் பிடிக்க, செற்றி உள்ளே வந்தது. பின்னால் பரீதா அக்கா மின்விசிறியோடு வந்தார். கண்ணாடி மேசை படியில் சிக்கிவிட்டதாகவும் பயப்பட வேண்டாம் என்றும் வெளியிலிருந்து குரல் வந்தது.

மேடம் தாம் எழுதியதைப் பார்த்தார், செற்றியைப் பார்த்தார். "மே காகேத?" என்று, அது யாருடையது எனச் சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அந்தோனி அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மகே, மேடம்! என்னோடது! இந்தத் தோட்டத்துக்கு எந்த ஆபீசர் வந்தாலும் நம்ம செற்றியிலதான் உக்காருவாங்க!"

மேடம் உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், இராஜேஸ்வரி அக்காவின் மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டார். அந்தோனி அண்ணனுடைய கொடுப்பனவுக் கோப்பு, வசதியுள்ள குடும்பம் என்ற குறிப்போடு, அடுத்த கிழமை என் மேசைக்கு வந்தது.