சேவியரின் கரண்ட் சைக்கிள்

பிசியோதெரபி என்றாலே “மசாஜா?” என்று கேட்கும் ஊரில் பிழைப்பு நடத்தும் சக பாவிகளே, என்னிடம் ஒரு கரண்ட் சைக்கிளும் இருந்தது, ஆகவே என் பாடு உங்களைவிட மோசம்.

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு 2010 வாக்கில் அது வந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் அசையாமல் போனவர்களுக்கானது. தொடையில் பேட் ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுத்தால், தசை சுருங்கிக் கால் தானாகவே பெடலை மிதிக்கும். முதலில் வந்தவர் இராஜாக்கமங்கலம் சேவியர். கல்ஃபில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் ஊர் திரும்பியவர்.

அத்தானின் சந்தேகம்

முதல் நாள் துணைக்கு வந்தவர் சேவியரின் அக்கா மாப்பிள்ளை. கால்கள் சுற்றத் தொடங்கியதும் அவர் கண் விரிந்தது. மிதிப்பது சேவியர் இல்லை, கரண்ட்தான் என்று விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சேவியர் பக்கம் திரும்பினார்.

“ஏலே, காலு இவ்வளவு ஜோரா ஓடுது, பின்ன இத்தன நாளும் எங்கள எதுக்குல தூக்கிச் சுமக்க வச்ச?”

எண்ணெய்

பேட் ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வந்தது. சேவியரின் மனைவி ஜெசிந்தா காலையிலேயே தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள். இங்கே வரும் நாளில் எண்ணெய் கூடாது என்றேன். சரி என்றாள். அடுத்த முறை ஆட்டோ நிற்கும் முன்பே எண்ணெய் வாசனை வந்து நின்றது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து என் கை காய்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் கத்தியே விட்டேன். அவள் அசரவில்லை.

“நாலு பேரு பாக்குத எடத்துக்கு வறண்ட காலோடயா சாரே கூட்டிட்டு வருவாவ?”

பவர் கட்

அந்த வருடங்களின் மின்வெட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் தாங்கும். ஒரு நாள் பாதியில் கரண்ட் போய், சேவியரின் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக சைக்கிள் அப்படியே நின்றுவிட்டது. நான் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டு, யாரும் எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சேவியர் நிதானமாகக் கேட்டார்:

“எனக்க காலு விசயத்துல ஆண்டவன் முடிவு பண்ணினது போதாதுன்னு, இனி ஈ.பி.காரனுமா சாரே?”

நடப்பேனா?

மாதங்கள் போகப் போகத் தொடை கொஞ்சம் உருண்டது. படுக்கைப் புண்ணும் ஆறி வந்தது. கோயில் திருவிழாவுக்குள் நடந்துவிடுவான் என்று ஊரில் பேச்சு. “நடப்பனா சாரே?” என்று ஒரு நாள் நேராகவே கேட்டார். தசை வற்றாது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், ஆனால் இந்த சைக்கிளால் நடக்க வராது என்று சொல்லிவிட்டேன். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் அவர்கள் வரவில்லை. சைக்கிள் மூடிக் கிடந்தது. கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாமோ என்று எனக்கே என்மேல் எரிச்சல். ஒரு மாதம் கழித்து ஆட்டோ வந்து நின்றது. சந்தோஷத்தைக் காட்டத் தெரியாமல், “நடக்க வராதுன்னு சொன்னேனே, பிறகு எதுக்கு வந்தீங்க?” என்று சிடுசிடுத்தேன்.

“வீட்டுல யாரு வந்தாலும் எனக்க காலப் போர்வையப் போட்டு மூடுதாவ சாரே. இங்க மட்டுந்தான் அதுக்கும் ஒரு வேலை இருக்கு.”

சைக்கிளை மூடியிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு, குனிந்து பேட் ஒட்ட ஆரம்பித்தேன், அன்றைக்கும் எண்ணெயில் வழுக்கியது.